பேயோவுல்ஃப்: பெயருக்குப் பொருள் தேனீயா, கரடியா, வாற்கோதுமையா?

கல்லெழுத்து:
பழைய ஆங்கிலக் காவியத்தின் நாயகன் பேயோவுல்ஃப் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்துக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதுகிறேன். கதை, சுவடி, காலம் எல்லாம் முடிந்தது. பெயர்ப்பொருளில்தான் நிற்கிறது. ஒரு நூல் "தேனீ ஓநாய்" என்கிறது, இன்னொன்று நேராகவே "கரடி" என்கிறது. மரங்கொத்தி, போர் ஓநாய், வாற்கோதுமைத் தெய்வம் என்றும் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அடுக்கி "கருத்து வேறுபாடு உண்டு" என்று முடிக்க மனமில்லை. எதற்கு எவ்வளவு ஆதாரம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்ச்சொல்:
பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்பாதி 'வுல்ஃப்', அதாவது ஓநாய். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஏதெல்வுல்ஃப், வுல்ஃப்ஸ்டன் என்று பழைய ஆங்கிலப் பெயர்களில் முன்னும் பின்னும் வரும் உறுப்பு அது. சண்டை முழுக்க முன்பாதியில்தான். அதற்குப் போட்டி போடும் சொற்கள் மூன்று:

'பேஓ' = தேனீ
'பேஓவ்' = வாற்கோதுமை; வம்சாவளிகளில் ஒரு முன்னோரின் பெயரும் இதுவே
'பெஅடு' = போர்

கரடியும் மரங்கொத்தியும் தனிச் சொற்பிறப்புகள் அல்ல. இரண்டும் 'தேனீ + ஓநாய்' என்பதை ஏற்றுக்கொண்ட பிறகு, "தேனீயின் ஓநாய் என்றால் எந்தப் பிராணி?" என்ற கேள்விக்கு வந்த விடைகள். இந்த இரண்டு படிகளையும் கலந்துவிடுவதால்தான் நூல்களில் ஐந்து பொருள்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் படி ஒலியியல், இரண்டாம் படி ஊகம். உங்கள் குறிப்பிலும் இந்தப் பிரிவு தெரிய வேண்டும்.

அகராதி பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. பாஸ்வொர்த்–டாலர் என்ற பழைய ஆங்கில அகராதியில் 'பேஓ' என்று தேடினால் "இரு" என்ற வினைச்சொல்லின் வடிவமும் வந்து நிற்கும். 'பேஓன்' என்பது "இருத்தல்" என்ற வினை; தேனீயின் பன்மையும் அதுவே. பெண்பால் பெயர்ச்சொல் என்று குறித்திருக்கும் பதிவை எடுங்கள். அதன் கூட்டுச்சொற்களில் னகரம் விழுந்துவிடும். 'பேஓவுர்ட்' என்று ஒரு செடி உண்டு. ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்தில் 'பேஓதேஓஃப்', அதாவது தேனீத் திருடன், வருகிறான். ஆகவே 'பேஓ + வுல்ஃப்' என்ற சேர்க்கை இலக்கணப்படி ஒழுங்கானதுதான்.

ஏட்டுப்பித்தன்:
சுவடி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். காவியம் ஒரே ஒரு பிரதியில்தான் இருக்கிறது: பிரிட்டிஷ் நூலகத்தின் காட்டன் விட்டெலியஸ் ஏ. 15. எழுதப்பட்டது கி.பி. 1000-ஐ ஒட்டி; மொத்தம் 3182 வரிகள். 1731-இல் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைத் தீயில் ஓரங்கள் கருகின. எழுதிய கைகள் இரண்டு. 1939-ஆம் வரியில் முதல் எழுத்தர் நிறுத்த, இரண்டாமவர் தொடர்கிறார்.

முதல் எழுத்தர் 'பெஓவுல்ஃப்' என்றே எழுதுகிறார். இரண்டாமவர் பல இடங்களில் 'பிஓவுல்ஃப்' என்கிறார். இந்த 'இஓ' பழைய வடிவத்தின் எச்சம், தேனீக்கு இதுவே சான்று என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவசரப்படக் கூடாது. 2807-ஆம் வரியைப் பாருங்கள். "பேயோவுல்ஃபின் மேடு" என்று கடலோடிகள் அவனுடைய சமாதியை அழைப்பார்கள் என்ற இடம். சுவடியில் 'பிஓவுல்ஃபெஸ் பிஓர்ஹ்'. மேடு என்ற சொல்லின் வழக்கமான வடிவம் 'பெஓர்ஹ்'. அதற்கு 'இஓ' வர வரலாற்றுக் காரணம் எதுவும் கிடையாது. ஒரே வரியில், பக்கத்துச் சொல்லிலேயே, அதே எழுத்தர் 'எஓ'-வை 'இஓ' ஆக்கியிருக்கிறார். 2635-இல் மது அருந்தும் மண்டபத்தின் பெயரிலும் 'பெஓர்' (மது) என்பதை அப்படியே 'பிஓர்' என்று எழுதுகிறார். இது அவருடைய கைவழக்கம். இதைக்கொண்டு பெயரின் மூலத்தைத் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு சிக்கல் 'வ்'. சுவடியில் அது 'வின்' என்ற ரூன் எழுத்து. 'பேஓவ் + வுல்ஃப்' சேர்ந்தால் இரண்டு வகரம் வர வேண்டும்; நடைமுறையில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆக, வாற்கோதுமை என்றாலும் தேனீ என்றாலும் ஏட்டில் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்தான்.

வேர்ச்சொல்:
அதனால்தான் காவியத்துக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. கையில் இருப்பதில் மிக வலுவான சான்று டரம் நகரத்து லிபர் விட்டே. திருச்சபை பிரார்த்தனையில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல்; 9-ஆம் நூற்றாண்டில் பொன்மையாலும் வெள்ளிமையாலும் எழுதப்பட்டது. அதில் ஒரு பெயர் இப்படி நிற்கிறது: பி, ஐ, யு, யு, யு, எல், எஃப்.

மூன்று 'யு' ஏன்? அந்தப் பட்டியலில் 'வுல்ஃப்' என்ற உறுப்பை 'யு-யு-எல்-எஃப்' என்று எழுதுவார்கள். முதல் 'யு' வகரம், அடுத்தது உகரம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 'பிஉ'. இது வடக்கத்தி வட்டார வழக்கு. அங்கே 'இஉ/இஓ' ஒரு ஒலி, 'எஉ/எஓ' வேறு ஒலி. இரண்டையும் கலக்காமல் எழுதினார்கள். தெற்கே கலந்துபோனது அங்கே கலக்கவில்லை. தேனீ என்ற சொல்லின் பழைய உயிர் இகரம். வடக்கே அது 'பிஉ/பிஓ' என்றுதான் வரும். வாற்கோதுமைச் சொல்லின் பழைய உயிர் எகரம். அது 'பெஉ/பெஓ' என்று வந்திருக்க வேண்டும்.

டரம் பட்டியல் 'பிஉ' என்கிறது. தேனீ பக்கம் தராசு சாய்வது இந்த ஒரு எழுத்தால்.

கல்லெழுத்து:
நன்றி ஐயா. ஆனால் இணையத்தில் பல இடங்களில் "கி.பி. 1031-இன் லிபர் விட்டேயில் உள்ள பெயர்" என்று இருக்கிறதே? 1031 என்றால் காவியச் சுவடிக்கே பிந்தியதாகிவிடும். அந்தக் காலத்தில் வடக்கிலும் ஒலி கலந்திருக்காதா?

ஏட்டுப்பித்தன்:
நல்ல கேள்வி. 1031 என்பது வேறொரு லிபர் விட்டேயின் ஆண்டு, வின்செஸ்டர் நியூ மின்ஸ்டர் மடத்தினுடையது. பெயரும் வகையும் ஒன்றே என்பதால் யாரோ ஒருவர் கலந்துவிட்டார். அதையே எல்லோரும் நகல் எடுக்கிறார்கள். நமக்கு வேண்டியது டரம் ஏடு: காட்டன் டொமிஷியன் ஏ. 7. காவியச் சுவடியைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. இந்த ஆண்டுப் பிழை உங்கள் குறிப்பில் ஏறினால் வாதத்தின் முதுகெலும்பே போய்விடும், கவனம்.

அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு சாதாரண மனிதர், காவிய நாயகன் அல்லர். இப்படி ஒரு பெயர் நிஜமாக வழங்கியது என்பதற்கு மட்டுமே அது சான்று.

வடகடல்:
தேனீ + ஓநாய் என்று வைத்துக்கொண்டு இரண்டாம் படிக்கு வருகிறேன். கரடி என்ற விளக்கத்தை ஆங்கில மாணவர்களிடம் பரவலாகக் கொண்டுபோனவர் மொழியறிஞர் ஹென்றி ஸ்வீட். தேன்கூட்டைச் சூறையாடுவதால் கரடி தேனீக்களுக்கு ஓநாய். இதற்கு மூன்று பக்கத் துணை இருக்கிறது.

ஒன்று, வடக்கு ஐரோப்பாவில் கரடியை நேர்ப்பெயரால் அழைக்காத வழக்கம். சமஸ்கிருதத்தில் ரிக்ஷ, கிரேக்கத்தில் அர்க்டோஸ், லத்தீனில் உர்சுஸ் என்று தொடரும் பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல் ஜெர்மானிய, ஸ்லாவிய மொழிகளில் காணாமல் போய்விட்டது. ஜெர்மானியத்தில் அதன் இடத்துக்கு வந்த சொல்லுக்கு "பழுப்பன்" என்பது வழக்கமான விளக்கம். ஸ்லாவியத்தில் 'மெத்வேத்', "தேன் உண்பவன்". நாகத்தை "நல்ல பாம்பு" என்கிறோமே, அந்த மாதிரி. கரடியைத் தேனை வைத்துச் சுட்டுவது ஐரோப்பாவில் அந்நியமான யோசனை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டு, நாயகனின் சண்டை முறை. அவனுடைய கைப்பிடியில் முப்பது பேர் பலம் என்று 379-381 வரிகள் சொல்கின்றன. கிரெண்டல் என்ற அரக்கனை ஆயுதமில்லாமல் பிடித்து, தோளிலிருந்து கையைப் பிய்க்கிறான். டேக்ஹ்ரெவ்ன் என்ற ஃபிராங்கிய வீரனைக் கொன்றது வாளால் அல்ல, பிடியாலேயே எலும்புக்கூட்டை நொறுக்கினேன் என்று அவனே சொல்கிறான் (2501-2508). நேக்லிங் என்ற வாள் கடைசிச் சண்டையில் முறிந்ததற்குக் காரணம், அந்தக் கையின் வேகத்தை எந்த வாளும் தாங்காது என்பதே (2680-2687). வாள் அவனுக்குத் துணையாக வருவதைவிடத் தொந்தரவாக வருவதே அதிகம்.

மூன்று, ஐஸ்லாந்துக் கதையில் வரும் பொத்வர் பியார்கி. ஹ்ரோல்ஃப் கிராகி என்ற டேனிய மன்னனின் அவைக்கு வெளியிலிருந்து வந்து, அங்கே தொல்லை கொடுக்கும் மிருகத்தைக் கொல்கிறான். இந்த ஹ்ரோல்ஃப்தான் பழைய ஆங்கிலக் காவியத்தின் ஹ்ரோதுல்ஃப். பியார்கி என்றால் "குட்டிக் கரடி". தகப்பன் பெயர் பியோர்ன், தாய் பெயர் பெரா, இரண்டுமே கரடி. கடைசிப் போரில் இவன் உடல் உள்ளே உட்கார்ந்திருக்க, களத்தில் ஒரு பெரிய கரடி சண்டை போடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கரடியைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேர்ச்சொல்:
நண்பர் வடகடல் சொன்ன மூன்றும் சரியான தகவல்கள். ஆனாலும் "பேயோவுல்ஃப் என்றால் கரடி" என்று எழுத அவை போதா. பழைய ஆங்கிலத்தில் எந்த உரைநடையிலும், எந்தச் சொற்பட்டியலிலும் 'பேஓவுல்ஃப்' என்பது கரடியைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வந்ததில்லை. கரடிக்கு அங்கே 'பெரா' என்ற சொல் இருக்கிறது.

அதே "தேனீயின் ஓநாய்" என்ற வார்த்தையை ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் மரங்கொத்தி என்று வாசித்தார். இன்றைய ஜெர்மனில் 'பீனன்வோல்ஃப்' என்பது தேனீக்களைப் பிடித்துப் புழுக்களுக்கு இரையாக வைக்கும் ஒரு குளவி. "இன்னதன் ஓநாய்" என்பது "இன்னதற்கு எமன்" என்ற பொருளில் வரக்கூடிய அமைப்புதான். ஆனால் எந்தப் பிராணி அந்த இடத்தில் உட்காரும் என்பதை அந்த அமைப்பு சொல்லாது. மரங்கொத்தியை விட்டுவிடலாம், முப்பது பேர் பலத்துக்கும் அதற்கும் ஒட்டாது. கரடி கதையோடு ஒட்டுகிறது. கதையோடு ஒட்டுவது ஒரு வகைச் சான்று, ஒலியோடு ஒட்டுவது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

ஃபிரீட்ரிக் பான்ட்ஸர் 1910-இல் "கரடி மகன்" என்ற நாட்டுப்புறக் கதை வகையோடு இந்தக் காவியத்தை விரிவாக ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டுக்குப் பெயர்ப்பொருள் தேவையே இல்லை. கதை அமைப்பில் நிற்கும் வாதம் அது. இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்தால் வட்டமாகச் சுற்றி வருவோம்.

கல்லெழுத்து:
போர் ஓநாய் பற்றி யாரும் பேசவில்லையே?

ஏட்டுப்பித்தன்:
அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 'பெஅடு' ஒலிமாற்றத்தால் 'பேஓ' ஆக வழியில்லை. இடையில் உள்ள டகரம் தானாகக் கரையாது. மேலும் 'பெஅடுவுல்ஃப்' என்ற பெயர் தன் வடிவத்தோடே தனியாக வழங்கியது: விட்ஹார்ன் ஊர் ஆயர் ஒருவருக்கு 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயர். இந்த யோசனை வந்ததே பொத்வர் என்ற பெயரோடு இணைக்கும் ஆசையில்தான். 'பொத்' என்றால் போர். வேண்டாம்.

வாற்கோதுமைக்குத்தான் நியாயமான இடம் கொடுக்க வேண்டும். காவியத்தில் இந்தப் பெயர் கொண்டவர்கள் இருவர் என்பதைக் குறிப்பில் சேர்த்தீர்களா? 18-ஆம் வரியிலேயே ஒரு பேயோவுல்ஃப் வருகிறான். அவன் டேனிய மன்னன், ஷில்டின் மகன். நாயகன் 194-இல் "ஹிகெலாக்கின் ஆள்" (ஹிகெலாக் கீட் இன மன்னன், நாயகனின் தாய்மாமன்) என்று பெயரில்லாமல் நுழைகிறான். கப்பல் ஏறி, கடல் கடந்து, கரைக்காவலனிடம் பேசி, மண்டப வாசலுக்கு வந்த பிறகு 343-இல்தான் "பேயோவுல்ஃப் என் பெயர்" என்கிறான். முதல்முறை படிப்பவர்கள் 18-ஆம் வரி ஆளை நாயகன் என்று நினைத்துக் குழம்புவது இதனால்தான்.

அந்த டேனிய மன்னனின் பெயர் மூலத்தில் 'பேஓவ்' என்று இருந்திருக்க வேண்டும். எழுத்தர் நாயகன் பெயர் என்று நினைத்து 'வுல்ஃப்' சேர்த்துவிட்டார் என்பது இன்று பெரும்பாலான பதிப்பாசிரியர்கள் ஏற்கும் முடிவு. ஆதாரம் இரண்டு. வெசெக்ஸ் மன்னர்களின் வம்சாவளியில் (ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு, 855-ஆம் ஆண்டுப் பதிவு) ஷெல்ட்வாவின் (ஷில்டின் வேறு வடிவம்) மகன் 'பெஅவ்'. ஏதெல்வெர்ட் எழுதிய லத்தீன் வரலாற்றில் 'பேஓ'. எங்கும் 'வுல்ஃப்' இல்லை. அடுத்தது யாப்பு.

கல்லெழுத்து:
யாப்பு எப்படி எழுத்தர் பிழையைக் காட்டும்? கொஞ்சம் விளக்குங்கள்.

ஏட்டுப்பித்தன்:
பழைய ஆங்கில அடி இரண்டு அரையடிகளாகப் பிரியும். ஒவ்வொரு அரையடிக்கும் அடிப்படையில் நான்கு நிலைகள். முதல் அரையடியில் இரண்டு மோனை வரலாம். இரண்டாம் அரையடியில் ஒன்றுக்கு மேல் கூடாது.

53-ஆம் வரியின் இரண்டாம் அரையடி, ஏட்டில் உள்ளபடி: "பேஓவுல்ஃப் ஷில்டிங்கா". எண்ணிப் பாருங்கள்: பேஓ, வுல்ஃப், ஷில், டிங், கா. ஐந்து. இப்படி நீட்டிய வகை பொதுவாக இரட்டை மோனையோடு முதல் அரையடியில்தான் வரும். இரண்டாம் அரையடியில் உறுத்தும். 'வுல்ஃப்'-ஐ எடுத்துவிடுங்கள்: பேஓவ், ஷில், டிங், கா. நான்கு. பிசிறில்லாமல் பொருந்துகிறது.

ஆனால் 18-ஆம் வரியில் இந்தச் சோதனை வேலை செய்யாது. "பேஓவுல்ஃப் வேஸ் ப்ரேமெ" முதல் அரையடி, ப-ப என்று இரட்டை மோனையும் இருக்கிறது. 'வுல்ஃப்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓசை கெடவில்லை. எனவே யாப்புச் சான்று 53-இலிருந்து மட்டும். 18-ஐத் திருத்துவது, இரண்டும் ஒரே ஆள் என்பதால்.

வடகடல்:
'பேஓவ்' தெய்வமா என்பதையும் தொட்டுவிடலாம். வம்சாவளியில் ஷேஃப் (கதிர்க்கட்டு), ஷில்ட் (கேடயம்), பேஓவ் (வாற்கோதுமை) என்று வரிசை போகிறது. இரண்டு முனையிலும் தானியம் இருப்பதால், விளைச்சல் தெய்வங்கள் மன்னர்களாகிவிட்டார்கள் என்று கருதுவது இயல்பு. நோர்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) பாடலான லோகசென்னாவில் ஃப்ரேய் தெய்வத்தின் பணியாளாக பிக்விர் வருகிறான். 'பிக்' என்றால் வாற்கோதுமை. பின்லாந்தில் மிக்கேல் அக்ரிகோலா 1551-இல் கொடுத்த தெய்வப் பட்டியலில் பெல்லோன்பெக்கோ வாற்கோதுமையை வளர்ப்பவன்.

19-ஆம் நூற்றாண்டில் முல்லன்ஹாஃப் போன்ற ஜெர்மன் அறிஞர்கள் இதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, நாயகனே அந்தத் தெய்வம்தான் என்றார்கள். அவர்களுக்குப் பிடித்த சான்று 931-இல் ஏதெல்ஸ்டன் மன்னர் வில்ட்ஷயரின் ஹாம் என்ற ஊரில் கொடுத்த நிலச் சாசனம். எல்லை சொல்லும் பகுதியில் 'பெஓவன் ஹம்' என்ற இடத்து வேலியும், 'கிரெண்டலின் குளம்' என்று ஒரு நீர்நிலையும் வருகின்றன. படித்தவுடன் சிலிர்க்கும்தான். ஆனால் அங்கே உள்ளது 'பேஓவா' என்பவனின் பெயர், பேயோவுல்ஃபினுடையது அல்ல. 'கிரெண்டல்' வேறு சாசனங்களிலும் பள்ளம், குளங்களோடு சேர்ந்து வரும் சொல். இரண்டும் ஒரே எல்லையில் வருவது காவிய நினைவால் என்று நிறுவ வழியில்லை.

வேர்ச்சொல்:
தெய்வப்பெயர் + ஓநாய் என்ற அமைப்பு மட்டும் சாத்தியமற்றது அல்ல. நோர்ஸில் தோரோல்ஃப் அப்படித்தான்: தோர் + ஓநாய். அதன்படி 'பேஓவ் + வுல்ஃப்' என்று பிரிக்கலாம் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: 'தேனீ' பழைய ஆங்கிலப் பெயர்களில் முன் உறுப்பாக வழக்கமாக வருவதில்லை. ஏதெல், எஅட், ஓஸ் என்று பெயருக்கென்றே ஒரு கையிருப்பு இருந்தது. அதில் தேனீ கிடையாது. ஆகவே தேனீ என்று கொண்டால் இது பட்டப்பெயராகப் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். கரடிக் கட்சிக்கு இதுதான் உண்மையான பலம் என்பேன், பியார்கி கதையைவிட.

ஆனால் டரம் ஏட்டின் 'பிஉ'-வைத் தாண்ட வாற்கோதுமைக்கு வழியில்லை. நான் தேனீக்கே வாக்களிக்கிறேன்.

குடும்பப் பெயர்களையும் பாருங்கள். ஜெர்மானிய அரச குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மோனையில் பெயர் வைப்பார்கள். டேனியர்: ஹெஅல்ஃப்தேன், ஹெஓரோகார், ஹ்ரோத்கார், ஹால்கா. நாயகனின் தாய்வழி கீட் வம்சம்: ஹ்ரேதெல், ஹெரெபெஅல்ட், ஹேத்கின், ஹிகெலாக். அவன் சேர்ந்த வேக்முண்டிங் குலம்: வெஓஹ்ஸ்டன், வீக்லாஃப். தகப்பன் எட்ஜ்தேஓவ். 'ப' எங்கிருந்து வந்தது? எந்தப் பக்கத்தோடும் சேரவில்லை. ஹிகெலாக் ஃபிராங்கியர் மீது படையெடுத்ததை 6-ஆம் நூற்றாண்டிலேயே தூர் நகர கிரிகோரி பதிவு செய்திருக்கிறார். அதில் பேயோவுல்ஃப் இல்லை. வரலாறு உள்ள குடும்பத்துக்குள் கதையிலிருந்து வந்து சேர்ந்தவன் நாயகன் என்று பலர் முடிவு கட்டுவது இதனால். பட்டப்பெயர் யோசனையோடும் இது ஒத்துப்போகிறது.

வடகடல்:
ஒன்று சேர்க்கிறேன். ஐஸ்லாந்துக் குடியேற்ற நூலில் செய்திஸ்ஃப்யோர்தூரில் குடியேறியவன் பியோல்ஃப். ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கு இன்றும் பியோல்ஃபூர் என்று பெயர். பேயோவுல்ஃபின் நோர்ஸ் வடிவம் இதுதான் என்று பல நூல்கள் காட்டும். முன்பாதி 'பீ' (தேனீ) என்றும் கொள்ளலாம், பண்ணை வீட்டைக் குறிக்கும் சொல்லாகவும் கொள்ளலாம். அதனால் "ஒப்பிடுக" என்று போடுங்கள், சான்றாக எண்ண வேண்டாம்.

கல்லெழுத்து:
எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"பெயரின் பின்பாதி 'ஓநாய்'. முன்பாதி 'தேனீ' என்பதே ஒலியியல்படி வலுவான விளக்கம், டரம் லிபர் விட்டேயில் (9-ஆம் நூ.) உள்ள பெயர் வடிவம் இதற்குச் சான்று. 'தேனீ ஓநாய்' என்பது கரடியைக் குறிக்கும் புனைபெயராக இருக்கலாம். நாயகனின் மற்போர் வலிமையும் பொத்வர் பியார்கி கதையும் இதற்குத் துணை. 'வாற்கோதுமை' என்ற மாற்று விளக்கம், காவியத்தின் 18, 53-ஆம் வரிகளில் வரும் டேனிய மன்னன் பேஓவின் பெயரோடு தொடர்புடையது."

பெயரைத் தமிழில் எப்படி எழுதலாம்?

ஏட்டுப்பித்தன்:
"புனைபெயராக" வேண்டாம், எழுத்தாளர் புனைபெயர் போலத் தொனிக்கிறது. "சுற்றிச் சொல்லும் பெயராக" என்று மாற்றுங்கள். மன்னன் பேஓவ் விஷயத்தில் "சுவடியில் பேயோவுல்ஃப் என்றே உள்ளது, பதிப்பாசிரியர்கள் திருத்துகின்றனர்" என்று சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் திருத்தாத பதிப்பை வைத்திருப்பவர் உங்கள் குறிப்பைத் தப்பு என்பார்.

வேர்ச்சொல்:
தலைப்பில் 'பேயோவுல்ஃப்' போதும். 'பே' நெடிலாகவே இருக்கட்டும், அழுத்தம் அங்கேதான். யகரம் தமிழில் உடம்படுமெய்யாக வருவது, மூலத்தில் இல்லை. 'பியோவுல்ஃப்' என்பது இன்றைய ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றியது. அதையும் மாற்று வடிவமாகப் போட்டால் தேடுபவர்களுக்குக் கிடைக்கும். 'பெவுல்ஃப்' என்று சுருக்க வேண்டாம். அந்த ஈருயிர் ஒலியை விழுங்கிவிட்டால், மேலே எந்த ஒலியைப் பற்றி இவ்வளவு பேசினோமோ அதுவே வாசகர் கண்ணில் படாமல் போய்விடும்.